விக்கிப்பீடியாவின் இடைமுக மாற்றங்களும் பயனர் கருத்துத் திரட்டலும் (2009–2023): ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

விக்கிப்பீடியா மீடியாவிக்கி எனும் கட்டற்ற மென்பொருளின்மீது இயங்குகிறது. அதன் தோற்றத்தையும் தொகுப்பு வசதிகளையும் மேம்படுத்த 2009 முதல் 2023 வரை மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளில் பயனர்களின் கருத்து எவ்வெவ்வழிகளில் திரட்டப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வறையில் நேரடியாக உற்றுநோக்கல், சொடுக்குகளை எண்ணுதல், கருத்துப் பெட்டி வைத்தல், வாக்கெடுப்பு, விருப்பப் பட்டியல் என ஐந்து வழிகள் கையாளப்பட்டன. ஒவ்வொரு வழியும் ஒருவகைப் பயனரின் குரலைத் தெளிவாகக் கேட்கச் செய்து, மற்றொரு வகைப் பயனரின் குரலை மங்கச் செய்தது. 2010ஆம் ஆண்டு மொழியிணைப்புப் பட்டியல் மறைக்கப்பட்டு மீட்கப்பட்ட நிகழ்வு இதற்குத் தக்க சான்று. பெரும்பான்மையோரின் பழக்கத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் திரட்டல் முறை, தமிழ் போன்ற மொழிகளின் வாசகரைக் கணக்கிலிருந்தே விலக்கிவிடும் என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: விக்கிப்பீடியா, மீடியாவிக்கி, கட்டற்ற மென்பொருள், பயன்பாட்டெளிமை, பயனர் கருத்து, மொழியிணைப்பு

முன்னுரை

கணித்தமிழ் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்துருக்கள், குறியேற்றம், தட்டச்சு முறைகள், சொல்லாக்கம் ஆகியவற்றை மையமாகக் கொண்டுள்ளன. ஒரு மென்பொருளின் முகப்பில் எந்தப் பொத்தான் எங்கே அமைய வேண்டும், எது வெளிப்படையாக இருக்க வேண்டும், எது மறைந்திருக்கலாம் என்பன போன்ற முடிவுகள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பது அவ்வளவாக ஆராயப்படவில்லை. இவை வடிவமைப்பாளரின் அழகுணர்ச்சியைச் சார்ந்த சிறு முடிவுகளாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மொழியின் பெயர் திரையில் தெரிவதா மறைவதா என்பதைத் தீர்மானிப்பவை இத்தகைய முடிவுகளே.

வணிக நிறுவனமொன்று தன் தளத்தின் தோற்றத்தை மாற்றும்போது பயனரின் இசைவைக் கேட்பதில்லை. கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் நிலை வேறு. அவற்றின் மூலநிரல் அனைவருக்கும் உரியது. உழைப்பின் பெரும்பகுதி தன்னார்வலர் தருவது. ஆகவே அங்குப் பயனர் கருத்து என்பது சந்தை ஆய்வாக நின்றுவிடாமல் உரிமைக் கோரிக்கையாகவும் அமைகிறது. விக்கிப்பீடியாவில் இவ்விரு தன்மைகளும் மோதிய வரலாறு பொதுவெளியில் பதிவாகியுள்ளமையால், அது ஆய்வுக்கு ஏற்ற களமாகிறது. இக்கட்டுரை அவ்வரலாற்றைக் கால வரிசையில் விளக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ‘பயனர்’ என்று கருதப்பட்டவர் யார் என்ற வினாவை எழுப்புகிறது.

1. தொடக்கக் காலம்: பயனரும் ஆக்குநரும் ஒருவரே

2001ஆம் ஆண்டு சனவரி 15 அன்று தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா, முதலில் யூஸ்மாட்விக்கி எனும் மென்பொருளில் இயங்கியது. அது பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகியபோது ஈடுகொடுக்க இயலவில்லை. செருமானிய மாணவரும் விக்கிப்பீடியா பங்களிப்பாளருமான மாக்னசு மான்சுகே புதிய மென்பொருளை எழுதினார். 2002 சனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு சூலையில் லீ டேனியல் குரோக்கர் எழுதிய மறுவடிவம் அதன் இடத்தைப் பெற்றது. பின்னாளில் மீடியாவிக்கி என்று பெயர் பெற்றது இம்மறுவடிவமே.

இக்காலத்தில் கருத்துத் திரட்டல் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. கட்டுரை எழுதியவர்களே நிரலும் எழுதினர். குறை கண்டவரே அதனைத் திருத்தினார். 2004ஆம் ஆண்டு அறிமுகமான மோனோபுக் எனும் தோற்றமும் இத்தகைய தன்னார்வ உழைப்பின் விளைவே. அதே ஆண்டில் வழுக்களை முறையிடுவதற்குப் பக்சில்லா எனும் பதிவேடு நிறுவப்பட்டது. யார் வேண்டுமானாலும் அதில் கணக்குத் தொடங்கி முறையிடலாம்.

‘யார் வேண்டுமானாலும்’ என்ற இத்திறந்த நிலை நடைமுறையில் ஒரு வடிகட்டியாகவும் செயற்பட்டது. வழுவை முறையிட வேண்டுமானால் அது வழு என்று முதலில் உணர வேண்டும். எந்த உலாவியில், எந்தச் சூழலில் அது தோன்றியது என்று ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். கருவியை ஓரளவு கற்றவரே இதனைச் செய்ய முடியும். தொகுப்புப் பக்கத்தைத் திறந்து, அங்கே காணப்பட்ட குறிகளைக் கண்டு திகைத்து, எதையும் எழுதாமல் மூடிவிட்டுச் சென்றவர் முறையீடு எழுதுவதில்லை. அவரது மௌனம் பதிவேட்டில் ஏறாது. கட்டற்ற மென்பொருள் உலகம் இக்குறையை ஏற்கெனவே சந்தித்திருந்தது. குனோம் மேசைத்தளத்தைப் புதியவர்கள் எவ்வாறு கையாளுகின்றனர் என்று சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனம் 2001ஆம் ஆண்டு நடத்திய சோதனை, பேசாத பயனரைக் கண்டறிய முனைந்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று.

2. ஆய்வறையில் பயனர்: 2009

விக்கிமீடியா அறக்கட்டளை 2003ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மென்பொருளைப் புதியவர்களுக்கு எளிமையாக்கும் நோக்கில் 2008ஆம் ஆண்டின் இறுதியில் இசுடாண்டன் அறக்கட்டளையிடமிருந்து 8,90,000 டாலர் நல்கை அதற்குக் கிடைத்தது. இதைக் கொண்டு தொடங்கப்பட்ட பயன்பாட்டெளிமை முனைப்பு, விக்கிப்பீடியா வரலாற்றில் பயனரை முறைப்படி உற்றுநோக்கிய முதல் பெருந்திட்டமாகும்.

2009 மார்ச்சு மாதம் சான் பிரான்சிசுகோவில் முதற்சோதனை நடைபெற்றது. விக்கிப்பீடியாவைப் படிக்கும் பழக்கமுடைய, ஆனால் தொகுத்துப் பழகாத 15 பேர் தெரிவு செய்யப்பட்டனர். 10 பேர் ஆய்வறைக்கு நேரில் வந்தனர். 5 பேர் தொலைவிலிருந்து இணையவழி பங்கேற்றனர். ஒரு கட்டுரையில் சிறு திருத்தம் செய்தல், மேற்கோள் சேர்த்தல் முதலான பணிகள் அவர்களிடம் தரப்பட்டன. பணியைச் செய்யும்போதே மனத்தில் தோன்றுவதை உரக்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

பழகிய பங்களிப்பாளர் எவரும் முறையிட்டிராத தடைகள் இதன்வழி வெளிப்பட்டன. தொகுப்புப் பெட்டியைத் திறந்தவுடன் கட்டுரையின் உரைக்கு முன்பாகத் தகவற்பெட்டியின் வார்ப்புருக் குறிகள் நீண்டு கிடந்தன. தாம் திருத்த வந்த தொடரைக் கண்டுபிடிப்பதே பங்கேற்பாளர்க்குப் பெரும்பாடாயிற்று. உதவிப் பக்கங்களோ நீண்டும் கிளைத்தும் சென்றன. விடை தேடிச் சென்றவர் வழி தவறினார். புதியவர் தொகுக்காமல் விலகுவதற்கு ஆர்வமின்மையே காரணம் என்ற எண்ணம் இதனால் ஆட்டங்கண்டது. ஆர்வம் இருந்தும் கருவி தடுத்தது.

இக்கண்டறிதல்களின் அடிப்படையில் வெக்டர் எனும் புதிய தோற்றம் உருவாக்கப்பட்டது. இடப்பக்கப் பட்டையில் இருந்த தேடற்பெட்டி வலப்பக்க மேற்பகுதிக்கு மாற்றப்பட்டது. படித்தல், தொகுத்தல், வரலாறு காணுதல் ஆகியவற்றுக்கான தத்தல்கள் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. தொகுப்புக் கருவிப்பட்டை திருத்தியமைக்கப்பட்டது. 2009 ஆகத்தில் இதனை விருப்பமுள்ளோர் சோதித்துப் பார்க்க வாய்ப்பளிக்கப்பட்டது. பழைய தோற்றத்துக்குத் திரும்ப விரும்பியோர் அதற்கான காரணத்தைச் சிறு படிவமொன்றில் தெரிவிக்கலாம். முயன்று பார்த்தோருள் பெரும்பான்மையோர் புதிய தோற்றத்திலேயே தங்கினர். எனினும் தங்கியோரின் வீதம் மொழிக்கு மொழி வேறுபட்டது.

விலகிச் செல்பவரிடம் காரணம் கேட்ட இப்படிவம் குறிப்பிடத்தக்கது. பதிவேட்டுக்கு வராத பயனரை, அவர் வெளியேறும் வாயிலிலேயே நிறுத்திக் கேட்ட முயற்சி அது. ஆயினும் ஆய்வறைச் சோதனையின் எல்லையையும் மறக்கலாகாது. பங்கேற்றோர் ஆங்கில விக்கிப்பீடியாவைப் படிக்கும் அமெரிக்கர். அவர்களுக்கு ஒரு விக்கிப்பீடியாவே போதுமானது. ஒரு மொழியில் படிக்கத் தொடங்கி மற்றொரு மொழியில் தொடரும் வாசகர் அந்த அறைக்குள் வரவில்லை. அவ்வின்மையின் விளைவு அடுத்த ஆண்டே வெளிப்பட்டது.

3. எண்ணிக்கையில் பயனர்: மொழியிணைப்பு விவகாரம், 2010

வெக்டர் தோற்றம் 2010 மே 13 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவின் இயல்புத் தோற்றமாக்கப்பட்டது. தேடற்பெட்டியின் இடமாற்றம் உள்ளிட்ட மாற்றங்கள் குறித்துக் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. அவற்றுள் மிகுந்த எதிர்ப்பைச் சந்தித்தது, முதற்பார்வையில் சிறிதாகத் தோன்றிய ஒரு மாற்றம்: இடப்பக்கப் பட்டையிலிருந்த மொழியிணைப்புப் பட்டியல் சுருக்கப்பட்டது.

மோனோபுக் தோற்றத்தில், ஒரு கட்டுரை வேறெந்த மொழிகளில் உள்ளதோ அம்மொழிகளின் பெயர்கள் அனைத்தும் அவ்வம்மொழியின் எழுத்திலேயே வரிசையாகத் தெரியும். ஆங்கிலக் கட்டுரையைப் படிப்பவர் பக்கத்தின் ஓரத்தில் ‘தமிழ்’ என்ற சொல்லைக் காண்பார். வெக்டரில் இப்பட்டியல் ‘மொழிகள்’ என்ற ஒற்றைத் தலைப்புக்குள் ஒடுங்கியது. தலைப்பைச் சொடுக்கினால் மட்டுமே விரியும்.

இம்மாற்றத்துக்குத் திட்டக்குழு இரு காரணங்களை முன்வைத்தது. பக்கப்பட்டையில் இணைப்புகள் மிகுந்திருப்பது புதியவரைக் குழப்புகிறது என்பது ஒன்று. ஆங்கில விக்கிப்பீடியாவில் இவ்விணைப்புகளைச் சொடுக்குவோர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பது மற்றொன்று. முதற்காரணம் வடிவமைப்புக் கொள்கை, இரண்டாவது அளவீடு. அளவீட்டின் துணையோடு வந்தமையால் அம்முடிவு நடுநிலையானதாகத் தோன்றியது.

எதிர்த்தவர்கள் எழுப்பிய மறுப்புகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, அளவீடு எடுக்கப்பட்ட இடம் பற்றியது. பிறமொழி விக்கிப்பீடியாக்களுக்குச் செல்ல வேண்டிய தேவை மிகக் குறைவாக இருப்பது ஆங்கில வாசகருக்கே. மற்ற மொழிகளின் நிலையை ஆங்கிலத்தின் எண்ணிக்கையைக் கொண்டு தீர்மானிப்பது, ஆறு ஓடும் ஊரில் கணக்கெடுத்துவிட்டு வறண்ட ஊரின் கிணற்றைத் தூர்ப்பதற்கு ஒப்பானது. இரண்டாவது, விகிதம் பற்றியது. மாபெரும் வாசகப் பரப்பில் ஒரு விழுக்காடு என்பது பெருந்தொகை. அவர்களுள் பலர் தம் மொழியில் ஒரு கட்டுரை உள்ளதா என்று தேடி வருபவர்கள். அவர்களுக்கு அவ்விணைப்பு துணை வசதியாக இல்லை. வருகையின் நோக்கமே அதுதான்.

மூன்றாவது மறுப்பே கருத்தியல் நிலையில் ஆழமானது. மொழிப்பட்டியலின் பயன் சொடுக்கப்படுவதில் மட்டும் அடங்குவதில்லை. தம் மொழியில் விக்கிப்பீடியா ஒன்று இருப்பதையே அறியாத வாசகர் பலர். ஆங்கிலக் கட்டுரையின் ஓரத்தில் தம் மொழியின் எழுத்தைத் தற்செயலாகக் கண்டு, அதன்பின் அங்குச் சென்றோர் உண்டு. காணாத ஒன்றை எவரும் தேடிச் சொடுக்குவதில்லை. பட்டியலை மறைத்தபின் சொடுக்குகள் மேலும் குறைந்தால் அக்குறைவு அவ்வடிவமைப்பு தானே உண்டாக்கிய விளைவு. அதனையே தேவையின்மைக்குச் சான்றாகக் காட்டுவது சுழல்வாதமாகும். மேலும், ஒரே பொருள் பற்றி உலகின் பல மொழிகளில் எழுதப்பட்டுள்ளது என்பதைச் சொடுக்காத வாசகருக்கும் அப்பட்டியல் உணர்த்தியது.

விவாதத்தின் இடையில், வாசகரின் உலாவி அமைப்பைக் கொண்டு அவருக்குத் தேவைப்படக்கூடிய சில மொழிகளை மட்டும் காட்டலாம் என்ற இடைவழியும் பேசப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கணினியை ஆங்கில இடைமுகத்தோடு பயன்படுத்துவோர் மிகப் பலர். அவர்களது உலாவி அவர்களை ஆங்கில வாசகர் என்றே அறிவிக்கும். கருவியின் அமைப்பிலிருந்து மனிதரின் மொழியை ஊகிப்பது எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதற்கு இதுவே போதிய சான்று. இறுதியில் 2010 சூன் மாதத்தில் பட்டியல் இயல்பாகவே விரிந்திருக்கும் நிலைக்கு மீட்கப்பட்டது.

அளவீட்டில் பிழை ஏதும் இல்லை என்பது இந்நிகழ்வில் கருதத்தக்கது. சொடுக்குகள் சரியாகவே எண்ணப்பட்டன. எதனை எண்ணுவது, எங்கே எண்ணுவது என்ற தெரிவிலேயே முடிவு அடங்கியிருந்தது.

4. கருத்துப் பெட்டியில் வாசகர்: 2010–2014

எண்ணிக்கை பேசாது; எனவே வாசகரையே பேச வைக்க வேண்டும் என்ற நோக்கில் அமைந்தது கட்டுரைக் கருத்துக் கருவி. 2010 செப்டம்பரில் ஆங்கில விக்கிப்பீடியாவின் சில கட்டுரைகளில் இது சோதிக்கப்பட்டு, 2011இல் விரிவாக்கப்பட்டது. கட்டுரையின் அடியில் நம்பகம், நடுநிலை, முழுமை, எழுத்து நடை ஆகிய நான்கு கூறுகளுக்கும் வாசகர் ஐந்து விண்மீன் வரை வழங்கலாம்.

இம்மதிப்பீடுகளால் கட்டுரையைத் திருத்துவோர்க்குக் கிடைத்த பயன் சிறிது. முழுமைக்கு இரண்டு விண்மீன் கிடைத்தால், எதனைச் சேர்க்க வேண்டும் என்பது அதிலிருந்து புலப்படாது. கட்டுரைக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்ணில் கட்டுரைத் தலைப்பின்மீதான விருப்பு வெறுப்பும் கலந்திருந்தது. எனவே 2011ஆம் ஆண்டின் இறுதியில் சோதிக்கப்பட்ட ஐந்தாம் பதிப்பு விண்மீன்களைக் கைவிட்டது. தேடி வந்தது கிடைத்ததா என்று வினவி, வாசகர் தம் சொற்களிலேயே எழுதுவதற்கு ஒரு பெட்டியை அளித்தது.

இப்போது வேறொரு சிக்கல் தோன்றியது. பெட்டியில் விழுந்தவற்றுள் பயனுள்ள குறிப்புகளும் இருந்தன. வசைகளும் வெற்றுச் சொற்களும் தனிநபர் தகவல்களும் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுத்து, வேண்டாதவற்றை நீக்கும் பணி தன்னார்வலர் தலையில் விழுந்தது. அவர்கள் கட்டுரை எழுத வந்தவர்கள். கருத்துகளை மேற்பார்வையிட ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் நடைபெற்ற கருத்துக்கோரலில் இக்கருவிக்குப் பரவலான எதிர்ப்பு வெளிப்பட்டது. செருமானிய விக்கிப்பீடியாவும் இதனை ஏற்கவில்லை. 2014இல் கருவி முற்றிலும் விலக்கப்பட்டது.

கருத்தைக் கேட்பதற்கான செலவு மென்பொருளை எழுதுவதோடு முடிவதில்லை. கேட்டவற்றைப் படிப்பதற்கு ஆள் வேண்டும். படித்தவற்றின்மீது செயற்படுவதற்கு நேரம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதபோது கருத்துப் பெட்டி, கேட்பாரற்ற மனுப் பெட்டியாகிவிடுகிறது. எழுதியவருக்கு விடை கிடைப்பதில்லை. படிக்க வேண்டியவருக்குச் சலிப்பு மிஞ்சுகிறது.

5. வாக்கெடுப்பில் பயனர்: 2013–2015

2009ஆம் ஆண்டுச் சோதனை சுட்டிய முதன்மைத் தடை விக்கிக் குறிமொழி. அதனைக் கற்காமலேயே, அச்சில் தெரிவதுபோல் கட்டுரையைத் திருத்துவதற்கு வகைசெய்யும் விசுவல் எடிட்டர் எனும் காட்சிவழித் தொகுப்பி அத்தடையை நீக்கும் முயற்சியாகும். 2013 சூலை 1 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் புகுபதிந்த பயனர் அனைவருக்கும் அது இயல்பாக்கப்பட்டது. அப்போது அது முதிர்ச்சி பெற்றிருக்கவில்லை. மெதுவாகத் திறந்தது, சில வேளைகளில் தேவையற்ற குறிகளைப் பக்கத்தில் இட்டது. அவற்றைத் துப்புரவு செய்யும் பொறுப்பு மீண்டும் பழைய பங்களிப்பாளரிடமே வந்தது. அறிமுகத்தை ஒட்டிப் புதிய கணக்குகளிடையே நடத்தப்பட்ட ஒப்பீட்டுச் சோதனையிலும் எதிர்பார்த்த பயன் தெரியவில்லை. கருத்துக்கோரலில் பெரும்பான்மை எதிர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில், தன்னார்வ நிர்வாகி ஒருவர் தளத்தின் பொது நிரலை மாற்றியமைத்துத் தொகுப்பியை விருப்பத் தெரிவாக்கினார். அறக்கட்டளை அதனை ஏற்றுக்கொண்டது.

அடுத்த மோதலில் அத்தகைய இணக்கம் நிகழவில்லை. படங்களைப் பெரிதாகக் காட்டும் மீடியா வியூவர் 2014இல் இயல்பாக்கப்பட்டபோது ஆங்கில, செருமானிய விக்கிப்பீடியாக்களில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. செருமானியத் தளத்தில் நிர்வாகி ஒருவர் அதனை முடக்கினார். 2014 ஆகத்து 10 அன்று அறக்கட்டளை, மிகைக்காப்பு எனத் தக்க புதிய பூட்டு நிலையொன்றை உருவாக்கி, மக்களால் தெரிவான நிர்வாகிகளும் அப்பக்கத்தைத் தொட இயலாதவாறு செய்தது. படம் காட்டும் கருவி பற்றிய பூசல், தளத்தின்மீது யாருக்கு அதிகாரம் என்ற பூசலாக உருமாறியது. எதிர்ப்பு மடல்கள் எழுந்தன. 2015 நவம்பரில் அப்பூட்டு நிலை மென்பொருளிலிருந்தே நீக்கப்பட்டது.

இருதரப்பும் பயனரின் பெயராலேயே பேசின. வாக்களிக்கும் சில நூறு பங்களிப்பாளர் கோடிக்கணக்கான வாசகருக்குப் பேராளர் ஆக முடியாது என்பது அறக்கட்டளையின் வாதம். கலைக்களஞ்சியத்தை ஆக்குபவரின் ஒப்புதலின்றி அவர்களது பணிக்கருவியை மாற்றலாகாது என்பது பங்களிப்பாளரின் வாதம். முன்னையது வாசகரைப் பற்றிய உண்மை. பின்னையது உழைப்பவரைப் பற்றிய உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுக்க முயன்றதே இக்காலகட்டத்தின் கசப்புக்குக் காரணமாயிற்று.

இவ்விரு தரப்பிலும் இடம்பெறாத மூன்றாமவரும் உண்டு. எழுத்துகளை உள்ளீட்டு முறையொன்றின் துணையோடு கூட்டி உருவாக்கும் மொழிகளில், காட்சிவழித் தொகுப்பியோடு தட்டச்சு ஒத்துழைக்காத சிக்கல்கள் நேர்ந்தன. இவற்றை ஆங்கிலத் தளத்தின் வாக்கெடுப்பு வெளிப்படுத்த வழியில்லை. அம்மொழிகளில் நாள்தோறும் தட்டச்சு செய்பவரே ஒவ்வொரு இயங்குதளத்திலும் உலாவியிலும் சோதித்து, எந்த விசைக்கு என்ன நிகழ்கிறது என்று பதிவு செய்து தர வேண்டியிருந்தது. வாக்கைவிட விளக்கமே இங்குப் பயன் தந்தது.

6. விருப்பப் பட்டியலும் முன்னோட்டத் தளங்களும்: 2015–2023

மோதல்களின் படிப்பினையாக, மென்பொருள் உருவாகத் தொடங்குமுன்பே கருத்துக் கேட்கும் வழிகள் வலுப்பெற்றன. செருமானிய விக்கிமீடியா அமைப்பு 2013 முதல் தொழில்நுட்ப விருப்பங்களைத் திரட்டி வந்தது. அதனை ஒட்டி, அறக்கட்டளை 2015 நவம்பரில் பன்னாட்டளவிலான சமூக விருப்பப் பட்டியல் கணக்கெடுப்பைத் தொடங்கியது. எந்தத் திட்டத்தைச் சேர்ந்தவரும் தேவையொன்றை முன்மொழியலாம்; மிகுந்த ஆதரவு பெற்றவற்றை நிரலாளர் குழு ஆராயும்.

ஆதரவு எண்ணிக்கையின்படி வரிசைப்படுத்தும்போது சிறிய திட்டங்களின் தேவைகள் அடியில் தங்கின. விக்கிமூலத்தில் நூல்களை மெய்ப்புப் பார்ப்போரின் எண்ணிக்கை, விக்கிப்பீடியாவின் எண்ணிக்கைக்கு முன் எக்காலத்திலும் நிற்காது. இதனை உணர்ந்த அறக்கட்டளை, 2020ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பில் விக்கிப்பீடியா முதலான பெருந்திட்டங்களை விலக்கிச் சிறிய திட்டங்களுக்கு மட்டும் வாய்ப்பளித்தது. விக்கிமூலத்தாரின் நெடுநாள் கோரிக்கைகளான மின்னூல் பதிவிறக்க மேம்பாடும் எழுத்துணரிக் கருவியும் அப்போதுதான் முன்னிடம் பெற்றன.

தமிழுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்களின் மின்வருடல்கள் தமிழ் விக்கிமூலத்தில் பெருமளவில் ஏற்றப்பட்டுள்ளன. வருடப்பட்ட பக்கத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றுவதற்கு நல்ல எழுத்துணரி இன்றியமையாதது. பெரும்பான்மை வாக்கு வழங்கியிராத ஒன்றை, வாக்கெடுப்பின் விதியை மாற்றியமைத்ததே வழங்கியது.

2019இல் தொடங்கிய மேசைக்கணினித் தோற்ற மேம்பாட்டுத் திட்டத்தில் முன்னோட்டத் தளங்கள் பயன்பட்டன. பாசுக்கு, பிரெஞ்சு, ஈபுரு, பாரசீகம், போர்த்துக்கேயம் ஆகிய மொழிகளின் விக்கிப்பீடியாக்களில் 2020 முதல் புதிய தோற்றத்தின் கூறுகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. ஆங்கிலம் இறுதிக்கட்டத்திற்குத் தள்ளப்பட்டமையும், வலமிருந்து இடமாக எழுதப்படும் ஈபுருவும் பாரசீகமும் தொடக்கத்திலேயே இடம்பெற்றமையும் 2009ஆம் ஆண்டு நிலையிலிருந்து நேர்ந்த பெரும் மாற்றம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் நடைபெற்ற கருத்துக்கோரலில் 165 பேர் ஆதரித்தனர். 153 பேர் எதிர்த்தனர். உரைப்பகுதியின் அகலம் குறுக்கப்பட்டதே முதன்மையான குறையாகச் சொல்லப்பட்டது. அகலத்தை மாற்றிக்கொள்ளும் பொத்தான் சேர்க்கப்பட்டு, 2023 சனவரி 18 அன்று வெக்டர் 2022 ஆங்கிலத்தில் இயல்புத் தோற்றமாயிற்று. மற்றொருபுறம், சுவாகிலி விக்கிப்பீடியாவின் பயனர்கள் மாற்றத்தைத் திரும்பப்பெற ஒருமனதாக வாக்களித்தனர்.

புதிய தோற்றத்தில் மொழிப்பட்டியல் கட்டுரைத் தலைப்பின் அருகே, மேற்பகுதிக்கு இடம் பெயர்ந்துள்ளது. முன்னைவிட முதன்மையான இடம் அது. ஆயினும் மொழிகளின் பெயர்கள் மீண்டும் ஒரு பொத்தானுக்குள் சென்றுவிட்டன. எத்தனை மொழிகள் என்ற எண்ணிக்கை மட்டுமே வெளியில் தெரிகிறது. மாற விரும்பும் வாசகருக்கு இது வசதி. தம் மொழி அங்கிருப்பதை அறியாத வாசகரைப் பற்றி 2010இல் எழுந்த வினா இன்னும் முழுமையாக விடை பெறவில்லை.

7. தமிழ்ப் பயனரின் இடம்

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அதன் இடைமுகச் செய்திகள் டிரான்சுலேட்விக்கி எனும் தளத்தில் தன்னார்வலரால் தமிழாக்கப்படுகின்றன. பொதுச் செய்திகளை உரையாடும் பக்கத்திற்கு ‘ஆலமரத்தடி’ என்றும், புதியவர் ஐயம் கேட்கும் பக்கத்திற்கு ‘ஒத்தாசைப் பக்கம்’ என்றும் பெயரிடப்பட்டுள்ளது. ஊர்கூடிப் பேசும் மரபு இப்பெயர்களில் தொடர்கிறது.

எனினும் மேற்கண்ட வரலாறு காட்டுவதுபோல், ஆலமரத்தடியில் பேசப்படுவது மென்பொருளை ஆக்குவோரிடம் சென்று சேர இடையில் ஒரு பாலம் தேவை. பக்சில்லாவின் இடத்தில் 2014 முதல் இயங்கும் பேப்ரிக்கேட்டர் பதிவேட்டின் மொழி ஆங்கிலம். தமிழில் கூறப்பட்ட குறையை, தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து அங்குப் பதிய வேண்டும். இப்பணியைச் செய்பவர் சிலரே. ஆகவே தமிழ்ப் பயனரின் கருத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பது, குறையின் கடுமையைவிட, அதனைச் சுமந்து செல்பவரின் ஓய்வு நேரத்தைப் பொறுத்திருக்கிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய நிலையன்று. பங்களிப்பாளர் குறைந்த மொழிகள் பலவற்றிற்கும் பொதுவானது.

முடிவுரை

2009 முதல் 2023 வரையிலான இவ்வரலாற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• வழுப் பதிவேடு, பழகிய பயனரின் குரலையே பெரிதும் கேட்டது. ஆய்வறைச் சோதனை பழகாதவரின் தடைகளை வெளிக்கொணர்ந்தது. ஆனால் அறைக்குள் அழைக்கப்பட்டவரின் மொழி, நாடு ஆகியவற்றின் எல்லைக்குள் அது நின்றது.

• சொடுக்குகளின் எண்ணிக்கை நிகழ்ந்ததை மட்டும் காட்டும். மறைக்கப்பட்ட ஒன்றின் தேவையை அது காட்டாது. 2010ஆம் ஆண்டு மொழியிணைப்பு விவகாரம் இதனை உறுதிப்படுத்துகிறது.

• கருத்தைப் பெறுதல் எளிது; பெற்றதைப் படித்து விடையளிப்பதற்கு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்புக்கு வழிசெய்யாத கருத்துக் கருவி நிலைக்காது என்பதைக் கட்டுரைக் கருத்துக் கருவியின் முடிவு உணர்த்துகிறது.

• வாக்கெடுப்பு ஆக்குநரின் உரிமையைக் காத்தது. ஆனால் சிறு குழுக்களின் தேவையைப் பின்தள்ளியது. 2020ஆம் ஆண்டு விருப்பப் பட்டியலில் விதியை மாற்றியமைத்தது அக்குறையை ஓரளவு ஈடுசெய்தது.

எனவே எந்த ஒரு வழியும் தனித்து நின்று ‘பயனர் கருத்து’ ஆகாது. திரட்டும் முறையைத் தெரிவு செய்யும்போதே, யாருடைய குரல் கேட்கும் என்பதும் தெரிவாகிவிடுகிறது. தமிழில் கட்டற்ற மென்பொருள்களையும் அவற்றின் தளங்களையும் உருவாக்குவோர் இதனைத் தொடக்கத்திலேயே கருத்தில் கொள்ளல் வேண்டும். கருத்தைத் தமிழிலேயே பதிவதற்கு இடம் அமைத்தல், அதனை ஆக்குநரிடம் சேர்ப்பதை ஒரு பொறுப்பாக வகுத்தல், எண்ணிக்கையில் சிறியவரின் தேவைக்குத் தனி வாய்ப்பளித்தல் ஆகிய மூன்றும் இவ்வரலாறு தரும் நடைமுறைப் பரிந்துரைகளாகும்.